தோன்றா எழுவாய்

மொழியியல் வகுப்பில் மரத்துக்கு
வேர் மேலே.
இலைகள் கீழே, சொற்களாக,
ஒன்றையொன்று தொடாமல் தொங்கும்.

ஒரு கணுவிலிருந்து இரண்டே கிளை,
அதற்குமேல் கூடாது என்றார் ஹேமலதா மேடம்.
"அப்ப அஞ்சு ரோடு மேடம்?"
கடைசி பெஞ்சிலிருந்து சர்வராயன்.
மேம்பாலம் வந்தபிறகு அந்த இடத்தில்
எது எதிலிருந்து பிரிகிறதென்று
சேலத்துக்காரர்களுக்கே தெரியாது.
சிரித்து ஓய்ந்தபின் வீட்டுப்பாடம்:
காதில் விழுந்த வாக்கியம் ஒன்று.
நீங்களாகச் செய்தது வேண்டாம்.
பகுத்து வரைக. திங்கட்கிழமைக்குள்.

ஞாயிறு சாயங்காலம்
ஏற்காட்டு விடுதியொன்றில் வாரக் கணக்கு எழுதிவிட்டு
இறங்கிக்கொண்டிருக்கிறேன்.
மடியில் நோட்டு, நோட்டின்மேல் ஸ்கேல்,
காது மட்டும் பஸ் முழுக்க.

"படியில நிக்கிற பச்சச் சட்ட உள்ள வா."
நல்ல வாக்கியம்தான்.
சட்டை எழுவாயா, விளியா
என்று யோசிப்பதற்குள்
சட்டை உள்ளே வந்துவிட்டது.

அப்போதுதான் முன்சீட்டு அம்மாள்
போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு,
பக்கத்து மலைக்கே கேட்கிற மாதிரி:
"காலையில வரேன்னு சொன்னான்."
வளைவு திரும்பியது. சிக்னல் போய்விட்டது.

மூன்றே சொல்.
'காலையில' எந்தக் கிளையில் உட்காரும்?

'வரேன்' பக்கம் உட்காரவைத்தால்
அவன் நாளைக் காலை வந்து இறங்குவான்,
மழிக்காத முகமும்
ஜிப் அறுந்த பையுமாக.
'சொன்னான்' பக்கம் உட்காரவைத்தால்
காலையில் நடந்தது சொன்னது மட்டும்.
வருவது எப்போது என்று
மரத்தில் எங்கும் தொங்கவில்லை.

அதே ஒலி, அதே எழுத்து.
கோடு ஒன்று
விரற்கடை தூரம் தள்ளி விழுகிறது,
அவ்வளவுதான்.

பதினாலாம் கொண்டை ஊசியில் முதல் மரம்.
பதினொன்றில் இரண்டாவது;
டிரைவர் ஒடித்த ஒடிப்பில்
அதன் வினைத்தொடர் மட்டும்
தாளின் ஓரத்துக்கே போய்விட்டது.
சன்னலுக்கு வெளியே சில்வர் ஓக்குகள்
வேரைக் கீழே வைத்துக்கொண்டு
மிளகுக் கொடியைச் சுமந்தபடி
எதையும் பகுக்காமல் நின்றன.

"என்ன பாப்பா, வம்சாவளியா?"
அந்தம்மா திரும்பி நோட்டைப் பார்த்தார்.
உங்கள் வாக்கியம்தான் என்றேன்.
வெட்கமாக இருந்தது.
இரண்டு அர்த்தம் என்று, கிளை கிளையாக,
விரல் வைத்து விளக்கினேன்.
கவனமாகக் கேட்டார்.
பையிலிருந்து ஒரு பேரிக்காயை எடுத்து
முந்தானையில் துடைத்து என்னிடம் தந்தார்.

"ரெண்டுமே இல்ல கண்ணு.
அவன் எதுவும் சொல்லல.
தங்கச்சி கேட்டா.
கேட்டா ஏதாச்சும் சொல்லணுமில்ல?"

அதன்பின் அடிவாரம் வரை
அவர் முன்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் பேரிக்காயைக் கடித்தேன். சற்றுக் காய்.

திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன்.
வாக்கியத்தில் பிழை இல்லை.
பொய்யின் கனத்தில்
ஒரு கிளைகூட வளையவில்லை.
கடைசிச் சொல்லின் கடைசியில்
அந்த 'ஆன்',
ஆள் இல்லாத வீட்டுக்கு வெளியே
மாட்டியிருக்கும் பெயர்ப்பலகை போல.
எழுவாய் வரவேண்டிய இடத்தில்
வெறும் வட்டம் ஒன்று போட்டேன்.
தோன்றா எழுவாய்.
இலக்கணத்தில் அதற்கு இடம் உண்டு.

வியாழக்கிழமை நோட்டு திரும்பி வந்தது.
பத்துக்கு ஏழரை.
இரண்டு மரத்துக்கும் சரி.
அடியில், பென்சிலில், மிகச் சின்னதாக
நான் வரைந்து வைத்திருந்த மூன்றாவதற்கு,
வேர் மட்டும், கிளையே இல்லாதது,
சிவப்பு மையில் கேள்விக்குறி.

வரையாமல் விட்டது இன்னொன்று உண்டு.
கோரிமேட்டில் இறங்கும்போது
சில்லறை எண்ணிக்கொண்டிருந்த கண்டக்டரிடம்
அந்தம்மா கேட்டது:
"மெட்ராஸ் வண்டி
காலையில எத்தன மணிக்குப்பா வரும்?"

மேடம் கேட்டிருந்தது
ஒரு வாக்கியம்தான்.